ஹிப் ரீசர்ஃபேசிங்: சுறுசுறுப்பானவர்கள் செய்யும் தவறுகள்

ஓட்டமும் விளையாட்டுமாக இருந்தவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்தால், முழு மூட்டு மாற்றுக்குப் பதில் ஹிப் ரீசர்ஃபேசிங் செய்துகொள்ளத் தோன்றும். இதில் தொடை எலும்பின் பந்தை வெட்டி எடுப்பதில்லை. தேய்ந்த மேற்பரப்பை மட்டும் சீவி, கோபால்ட்-குரோமியத் தொப்பியைப் பொருத்துவார்கள். இடுப்புக் குழியில் அதே உலோகத்தில் ஒரு கிண்ணம். பந்து பெரிதாக இருப்பதால் மூட்டு நழுவுவது அரிது.

"நான் சுறுசுறுப்பானவன், ஆகவே எனக்குப் பொருந்தும்" என்று நினைப்பதுதான் முதல் தவறு. பொருந்துமா என்பதை எலும்புதான் தீர்மானிக்கிறது. நல்ல பலன் கிடைப்பது பெரும்பாலும் 65 வயதுக்குட்பட்ட, எலும்பு உறுதியான, பந்தின் அளவு 48 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள ஆண்களுக்கு. பந்து சிறிதானால் பாரம் கிண்ணத்தின் விளிம்பில் விழுந்து, உரசி, உலோகத் துகள்கள் உதிரும். பர்மிங்ஹாம் என்ற ரீசர்ஃபேசிங் உறுப்பு வகையில் 46 மி.மீ.யும் அதற்குக் கீழும் உள்ள அளவுகளை 2015-இல் அதன் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். பெண்களுக்கு அது வேண்டாம் என்றும் அறிவித்தார். எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்), பந்தில் பெரிய நீர்க்கட்டிகள், சிறுநீரகச் செயலிழப்பு, உலோக ஒவ்வாமை இருப்பவர்களும், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களும் இந்த உலோக வகையைத் தவிர்க்க வேண்டும். செராமிக் வகைகளும் வந்துள்ளன. ஆனால் அவை புதியவை, நீண்டகால அனுபவம் குறைவு.

எலும்பைக் குறைவாக வெட்டுவதால் இது சின்ன அறுவை சிகிச்சை என்று எண்ணாதீர்கள். பந்து அங்கேயே இருப்பதால் குழியைப் பார்ப்பதே சிரமம்; கீறலும் பல சமயம் பெரிதாகும். கிண்ணத்தின் சாய்வு 40 முதல் 45 பாகைக்குள் இருப்பது நல்லது. 55-ஐத் தாண்டினால் விளிம்புத் தேய்மானம் கூடும். தொடை எலும்பின் கழுத்தில், அதாவது பந்துக்குக் கீழே உள்ள குறுகிய பகுதியில், சிறு வெட்டு விழுந்தாலும் அது பின்னால் முறியக் காரணமாகலாம். அதனால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை ரீசர்ஃபேசிங் செய்கிறீர்கள்? எந்த வகை பொருத்துவீர்கள்? வகை முக்கியம். ஏ.எஸ்.ஆர். என்ற வகை, அதிகம் பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதால், 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது.

வலி போனதும் ஓடத் தொடங்குவது அடுத்த ஆபத்து. தொடை எலும்பின் கழுத்து முறிவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் நேரும். அறுவை சிகிச்சையால் ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு தேறிக்கொண்டிருக்கும் காலம் அது. நடை, நீச்சல், சைக்கிள் முதலில். ஓட்டம், குதித்தல், பெரும்பளு ஆகியவற்றுக்கு 6 முதல் 12 மாதம் பொறுக்க வேண்டும். காலை ஊன்றும்போது தொடை இடுக்கில் திடீரென வலித்தால் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

"பழுதானால் முழு மாற்றுக்குப் போய்விடலாம்" என்பது பாதி உண்மை. கழுத்து முறிந்திருந்தால் தொடைப் பக்கத்தை மாற்றுவது ஓரளவு எளிது. உலோகத் துகள்கள் சுற்றியுள்ள தசையை அரித்திருந்தால் கிண்ணத்தையும் மாற்ற நேரும், பலனும் குறையும். இந்தச் சேதம் வலியே இல்லாமலும் வளரும். அதனால்தான் நன்றாக இருக்கும்போதும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் கோபால்ட் அல்லது குரோமியம் லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மீண்டும் சோதித்து, உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அளவு அதற்குக் கீழே இருந்தும் வலியோ வீக்கமோ இருந்தால், ஸ்கேன் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். பொருத்திய வகை, அளவு, வரிசை எண் உள்ள அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். மறு அறுவை சிகிச்சை செய்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.