கோடு போட்ட சிர்பிட் ஈ: இறக்கை ஓரத்தில் இருந்தது விடை

குடமுருட்டிக் கரை வாய்க்கால் வரப்பில், வெட்டுக்காயப் பூண்டுப் பூவில் உட்காரும் கோடு போட்ட சிர்பிட் ஈக்களை (அந்தரத்தில் நின்று பறக்கும், பூவுக்கு வரும் ஈ வகை) இனம் பிரிக்க 4 நாள் வீணானது. ஒரே படத்துக்கு முதல் நாள் எரிஸ்டாலினஸ் என்று எழுதி, மறுநாள் மெசெம்பிரியஸ் என்று திருத்தினேன்; இரண்டும் சிர்பிட் ஈக்களின் பேரினங்கள்.

முதலில் வயிற்றின் மஞ்சள் திட்டுகளை நம்பினேன். கூட்டுப்புழு குளிரில் வளர்ந்தால் சிர்பிட் ஈக்கள் பலவற்றில் கருமை கூடிவிடும் என்பதால் அது தேறவில்லை. முதுகுக் கோடுகள் இரண்டிலும் உண்டு. இறக்கையின் மூன்றாம் நீள நரம்பு தொய்ந்து வளைவதைப் பார்த்து முடிவு கட்டியதுதான் பெரிய தவறு; அதுவும் இரண்டுக்கும் பொது.

கண்ணைப் பக்கவாட்டில், நிழல் விழவைத்துப் படமெடுத்ததும் பாதி தெளிந்தது. எரிஸ்டாலினஸ் கண்ணில் புள்ளியோ பட்டையோ இருக்கும், மெசெம்பிரியஸுக்கு வெறும் கண். மேலிருந்து எடுத்தால் வெயில் பளபளப்பில் புள்ளி தெரியாது.

மீதியைத் தீர்த்தது இறக்கையின் முன்விளிம்பு. எரிஸ்டாலினஸில் முதல் இரண்டு நீள நரம்புகள் விளிம்பைத் தொடுமுன்பே சேர்ந்து, சின்னக் காம்பு போல முடியும். மெசெம்பிரியஸில் இரண்டும் தனித்தனியாக விளிம்புக்குப் போகும், நடுவில் இடைவெளி திறந்திருக்கும். நுனியை ஒட்டிய அந்த ஒரு துளி இடத்தைத்தான் பார்க்க வேண்டும். உட்கார்ந்த ஈ இறக்கையை முதுகில் மடித்து வைப்பதால் அது படத்தில் விழாது. கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் சில நிமிடம் வைத்தால் அசையாது. 10 மடங்கு லென்ஸ் போதும். பார்த்ததும் வெயிலில் விட்டால் பறந்துவிடும். குப்பிக்குள் டிஷ்யூ தாள் ஒரு துண்டு அவசியம், இல்லாவிட்டால் ஈரத்தில் இறக்கை ஒட்டிக்கொள்ளும்.