மூட மூட இறங்கின கற்குழி

யாழ்ப்பாணத்து ஏழாலையில எங்கட காணியில, முந்தி றோட்டுக்குக் கல் கிண்டின குழி ஒண்டு. ஆளுயரம்தான். ஆறு லோட் செம்மண் கொட்டி மட்டமாக்கினன். ஒரு மழை, நடுவில முழ ஆழத்துக்கு இறங்கீட்டுது. திரும்பக் கொட்டி ரோலர் விட்டன். அதே கதை.

பிறகு மக்கிக்கு (கல் கலந்த நிரப்புமண்) மாறினன். அதை ஏத்திவர அனுமதிப்பத்திரம் வேணும் (1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனியப்பொருள் சட்டம்). அந்த அலைச்சலில நாலு நாள் போச்சு. மக்கியும் இறங்கினது.

பக்கத்து வளவு மாமி வாளியோட வந்தா: "தம்பி, மழைக்குப் பிறகு என்ர கிணத்துத் தண்ணி ஏன் செம்மண் நிறம்?"

அப்பதான் விளங்கிச்சு. எங்கட சுண்ணாம்புக்கல் உள்ளுக்கப் பொந்து. மண் கழுவுப்பட்டு நிலத்தடி நீரோட போகுது.

எல்லாத்தையும் அள்ளிப் பார்த்தன். கிழக்கு மூலையில முழங்கை மட்டும் கை போற வெடிப்பு. வெடிப்பின்ர வாயில கை வைச்சால் குளிர்காத்து. அதுக்குக் குறுக்கே பெரிய பாறைக்கல், மேல தேங்காயளவு கல், முக்கால் இஞ்சிச் சல்லி, மணல், கடைசியாச் செம்மண். கொங்கிறீற் ஊத்தச் சொன்னவை, நான் கேக்கேல்லை. தண்ணி கீழ போகத்தான் வேணும், மண்தான் போகக்கூடாது. நடுவை நாலு விரல் உயர்த்தி விட்டன். இந்த மாரி முழுக்க அசையேல்லை. மாமியின்ர கிணறும் தெளிஞ்சிட்டுது.