கையில் இருப்பது ஊடுருவு தீப்பாறையா? கண்டுபிடிக்கும் வழி

கல்லைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானோர் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நிறத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முதலில் பார்க்க வேண்டியது மணிகளின் அளவு. தனித்தனி மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றனவா, அவை இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றனவா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அந்தக் கல் மாக்மாவாக, அதாவது உருகிய பாறைக் குழம்பாக நிலத்தடியிலேயே தங்கி, அங்கேயே இறுகியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுதான் ஊடுருவு தீப்பாறை.

காரணம் எளிது. பல கிலோமீட்டர் ஆழத்தில் சுற்றிலும் பாறை மூடியிருக்கும்போது வெப்பம் சீக்கிரம் வெளியேற முடியாது. பெரிய மாக்மாத் திரள் என்றால் குளிர்ந்து முடிக்கவே லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும், அதனால் படிகங்கள் வளர நேரம் கிடைக்கிறது. அதே மாக்மா எரிமலை வழியாக வெளியே கொட்டியிருந்தால் சட்டென்று ஆறி, மணிகளே தெரியாத கல்லாகியிருக்கும். ஆழத்தில் இறுகிய கேப்ரோவும் வெளியே கொட்டி ஆறிய பசால்ட்டும் வேதியியல்படி ஒன்றுதான், ஆழத்துக் கிரானைட்டும் வெளியே ஆறிய ரயோலைட்டும் அப்படித்தான். வித்தியாசம் எல்லாம் குளிர்ந்த வேகத்தில்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பை நம்பாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் ஓர் ஓரத்தைத் தட்டி, புதிதாக உடைந்த முகத்தை நனைத்துப் பாருங்கள். மணிகள் உருண்டையாக, விரலால் தேய்த்தால் உதிர்ந்தால் அது மணற்கல். எஃகுக் கத்தி எளிதாகக் கீறி, நீர்த்த அமிலம் பட்டதும் நுரைத்தால் சலவைக்கல். நம்மை அதிகம் ஏமாற்றுவது நைஸ் என்னும் பாறைதான்: கிரானைட்டில் இருக்கும் அதே கனிமங்கள் அதிலும் இருக்கும், ஆனால் பட்டை பட்டையாக வரிசை கட்டி நிற்கும். கிரானைட்டில் பொதுவாக அவை எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து கிடக்கும்.

அடுத்தது கனிமங்களைப் பிரித்தறிவது. எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி, தட்டையான முகம் இல்லாமல் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தன்மை 7 (1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில்), கத்தி அதைக் கீறாது. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பும்போது ஒரு தட்டை முகம் பளிச்சென்று மின்னினால் அது ஃபெல்ஸ்பார், கடினத்தன்மை 6. அந்த முகத்தில் மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் பிளேஜியோகிளேஸ் வகை. கறுப்பு மணிகளைக் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள், ஏடு ஏடாக உரிந்து வந்தால் பயோடைட் மைக்கா, அதாவது நம் காக்காப்பொன் வகையில் கறுப்பு. உரியாவிட்டால் ஹார்ன்பிளெண்டாகவோ பைராக்சினாகவோ இருக்கலாம். ஹார்ன்பிளெண்டின் பிளவுகள், அதாவது அது உடையும் தட்டை முகங்கள், ஏறத்தாழ 60, 120 டிகிரியிலும் பைராக்சினுடையவை ஏறத்தாழ 90 டிகிரியிலும் சந்திக்கும். இதைப் பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும்.

பெயர் வைப்பது இனி சுலபம். வெளிர் கனிமங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருந்தால் கிரானைட் குடும்பம். குவார்ட்ஸ் அரிதாகி, வெள்ளை பிளேஜியோகிளேஸும் கறுப்பு ஹார்ன்பிளெண்டும் கலந்திருந்தால் டயோரைட். பிளேஜியோகிளேஸோடு பைராக்சின் நிறைய இருந்து கருமை கூடினால் கேப்ரோ. பச்சை ஆலிவின்தான் பெரும்பகுதி என்றால் பெரிடோடைட். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் அடர்த்தி கிரானைட்டுக்குச் சுமார் 2.7, கேப்ரோவுக்கு 3.0, புதிய பெரிடோடைட்டுக்கு 3.3.

ஒரு சரிபார்ப்பு சொல்கிறேன். மாக்மா குளிரும்போது ஆலிவின் முதலிலும் குவார்ட்ஸ் கடைசியிலும் படிகமாகும் என்று பாறையியலாளர் நார்மன் போவன் 1920-களில் சோதனைக்கூடத்தில் காட்டினார். மக்னீசியம் மிகுந்த ஆலிவினும் குவார்ட்ஸும் ஒரே கல்லில் சேர்ந்து நிலைத்திருக்காது, எனவே இரண்டையும் பார்த்ததாகத் தோன்றினால் திரும்பப் பாருங்கள், ஏதோ ஒன்று தவறு.

பாறை இருந்த இடத்துக்கே போக முடிந்தால் இன்னும் நிறையத் தெரியும். பழைய பாறை அடுக்குகளை, அதாவது படுகைகளை, குறுக்கே வெட்டிச் செல்லும் ஊடுருவல் ‘டைக்’ (dyke), அவற்றுக்கு இணையாக நுழைந்தது ‘சில்’ (sill). நியூயார்க்குக்கு அருகே ஹட்சன் ஆற்றங்கரையில் செங்குத்தாக நிற்கும் பாலிசேட்ஸ் சுமார் 300 மீட்டர் தடிமனுள்ள ஒரு ‘சில்’. புதைந்துபோன எரிமலைக் குழம்பும் ‘சில்’ மாதிரியே தெரியும் என்பதால் மேலே உள்ள படுகையைக் கவனியுங்கள்: ‘சில்’ என்றால் மேலும் கீழும் உள்ள படுகைகள் இரண்டும் சூட்டில் வெந்திருக்கும், குழம்பு என்றால் கீழே உள்ளது மட்டும்தான். புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் 1785-ல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட்டில், பழைய பாறைக்குள் சிவப்புக் கிரானைட் நரம்பு நரம்பாக நுழைந்திருப்பதைப் பார்த்துத்தான் கிரானைட் ஒருகாலத்தில் உருகிக் கிடந்தது என்று உறுதியாகச் சொன்னார்.

பயன்களில் தளக்கல், ஜல்லி எல்லாம் தெரிந்ததே. பெக்மடைட்டைப் பற்றித்தான் சொல்ல ஆசை. மாக்மாவில் கடைசியாக மிஞ்சும் நீர் நிறைந்த எச்சத்திலிருந்து வருவது அது, மணிகள் சென்டிமீட்டர் கணக்கில், சில இடங்களில் மீட்டர் கணக்கில்கூட வளரும். மற்ற கனிமங்களில் இடம் கிடைக்காத லித்தியம், பெரிலியம், டான்டலம் எல்லாம் அதில் வந்து சேரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் லித்தியச் சுரங்கம் அப்படிப்பட்ட பெக்மடைட்தான். எதிர்முனையில், அதாவது கடைசி எச்சத்தில் இல்லாமல் முன்னதாகவே உருவாகும் படிகங்களில், தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் ஊடுருவலில் கனமான படிகங்கள் அடுக்கடுக்காகப் படிந்ததில் பிளாட்டினமும் குரோமியமும் கிடைக்கின்றன.

கட்டடத்துக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் கேப்ரோ அல்லது டோலரைட் (கேப்ரோ போன்றதே, மணிகள் மட்டும் சிறியவை). நல்ல கல்தான், ஆனால் குவார்ட்ஸ் இல்லாததால் கிரானைட்டைவிடக் கொஞ்சம் எளிதில் கீறும். வெளிச்சுவருக்கு என்றால் மெருகிட்ட முகத்தில் பித்தளை நிறப் புள்ளிகள் மின்னுகின்றனவா என்று லென்ஸால் தேடுங்கள். அது பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக இருந்தால் ஈரம் பட்டுத் துருக்கறை வழியும், அந்தப் பலகையை உள்ளே எங்காவது போட்டுக்கொள்ளலாம்.