ஒற்றை டியூப்லைட்டை விட்டு வெளியே வருவோம்: வீட்டு வெளிச்சத்தை நீங்களே திட்டமிடலாம்

அம்மா காய் நறுக்கும்போது உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் நிற்பார். முழங்கால் வலி போல என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு நாள் ராத்திரி அவர் இடத்தில் நின்று நானே வெங்காயம் நறுக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. டியூப்லைட் பின்பக்கச் சுவரில் இருக்கிறது, நேராக நின்றால் நம் நிழலே பலகை மேல் விழுகிறது, கத்தி முனை கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்இடி பட்டை போட்டோம். அன்றிலிருந்து நேராக நிற்கிறார்.

அதற்கப்புறம்தான் வீட்டின் எல்லா லைட்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். நம் வீடுகளில் பெரும்பாலும் அறைக்கு ஒரு டியூப்லைட், அதுவும் எலக்ட்ரீஷியனுக்கு வயர் இழுக்க வசதியான சுவரில் இருக்கும். மாடர்ன் லைட்டிங் என்றவுடன் ஃபால்ஸ் சீலிங், கலர் கலராக மாறும் ஸ்ட்ரிப் என்று போய்விடுகிறோம். அது தேவையே இல்லாமல் போகலாம். வெளிச்சம் வேலை நடக்கும் இடத்தில் விழ வேண்டும், பெரிய லைட் ஒன்றுக்குப் பதில் சின்ன லைட்டுகள் சில, தனித்தனி சுவிட்சில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

படி 1: ராத்திரி ஏழு மணிக்கு ஒரு பேப்பரோடு வீட்டைச் சுற்றுங்கள்

பகலில் திட்டமிடாதீர்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு அறையையும் தோராயமாக வரைந்து, யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று குறியுங்கள். அப்பா பேப்பர் படிக்கும் நாற்காலி, பையன் வீட்டுப்பாடம் எழுதும் மூலை, டிவி, துணி மடிக்கும் கட்டில், ராத்திரி பாத்ரூமுக்குப் போகும் வழி, விடியற்காலையில் கோலம் போடும் வாசல். ஒவ்வொரு இடத்திலும் நீங்களே உட்கார்ந்து பாருங்கள், நிழல் எங்கே விழுகிறது, எந்த லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறது என்று எழுதுங்கள். ஒரு மணி நேர வேலைதான், ஆனால் செலவில் பாதியை மிச்சப்படுத்துவது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

படி 2: பல்பு பெட்டியைப் படிக்கப் பழகுங்கள்

கடையில் எல்லோரும் கேட்பது 'எத்தனை வாட்?' என்றுதான். வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சக்தியின் அளவு, வெளிச்சத்தின் அளவு அல்ல. வெளிச்சத்துக்கு லூமென் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமென் தந்தது, இப்போது 9 வாட் எல்இடி அதே அளவு தருகிறது. பொதுவாக ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு ஓடிவிடும்.

அடுத்தது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட், 4000 பக்கம் நேச்சுரல் ஒயிட், 6500 என்றால் நீலச்சாயல் கொண்ட கூல் டேலைட். பளிச்சென்று இருந்தால்தான் நல்ல லைட் என்ற பழக்கத்தில் நாம் வீடு முழுக்க 6500 போட்டுவிடுகிறோம். ராத்திரி பத்து மணிக்கு அந்த நீல வெளிச்சத்தில் உட்கார்ந்தால் உடம்புக்கு இன்னும் பகல் முடியாத மாதிரி இருக்கும், தூக்கமும் தள்ளிப்போகும். என் கணக்கில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000. 6500 வீட்டுக்குள் எங்குமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரே அறையில் கண்ணுக்குத் தெரிகிற லைட்டுகள் எல்லாம் ஒரே கெல்வினில் இருக்கட்டும், பாதி மஞ்சள் பாதி வெள்ளை என்று இருந்தால் அறை அழுக்காகத் தெரியும்.

மூன்றாவது சிஆர்ஐ, அதாவது அந்த வெளிச்சத்தில் பொருட்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு 100 வரை போடும் மதிப்பெண். இதை யாரும் பார்ப்பதில்லை, நான் ரொம்பவே வற்புறுத்துவேன். எல்இடிக்குள் இருப்பது உண்மையில் ஒரு நீல விளக்கு. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல வெளிச்சத்தில் ஒரு பகுதியை மேலே பூசிய பாஸ்பர் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது, எல்லாம் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சு மட்டமாக இருந்தால் சிவப்பு குறைந்துவிடும். அரக்குப் பட்டுப்புடவை பழுப்பாகத் தெரிவது, தக்காளி செத்துப்போன மாதிரி இருப்பது, கண்ணாடியில் முகம் சோர்ந்து தெரிவது எல்லாம் இதனால்தான். சிஆர்ஐ 80க்குக் கீழே வாங்கவே வேண்டாம், அலமாரிக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் 90 கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள்.

படி 3: எத்தனை லூமென் வேண்டும்?

12க்கு 16 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். 192 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர். சாதாரணமாகப் புழங்க ஒரு சதுர மீட்டருக்கு 150 லூமென் விழுந்தால் போதும் (இதைத்தான் 150 லக்ஸ் என்கிறார்கள்), ஆக 2700 லூமென். ஆனால் விளக்கிலிருந்து கிளம்புவது எல்லாம் கீழே வந்து சேராது, சுவரும் கூரையும் கொஞ்சம் விழுங்கும். தோராயமாக 60 சதவீதம்தான் சேரும் என்று வைத்தால் 4500 லூமென் வாங்க வேண்டும். 45 வாட்தான் ஆகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஏழு யூனிட்டைத் தாண்டாது, அதனால் நாலைந்து லைட் போட்டால் பில் எகிறிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

சுவரில் அடர்ந்த நிறம் அடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சமையல் மேடை, படிக்கும் மேசை இரண்டுக்கும் 150 போதாது, 300 முதல் 500 லக்ஸ் வேண்டும், ஆனால் அந்த இடத்தில் மட்டும்.

படி 4: ஹாலில் லைட்டை எங்கே வைப்பது, ஃபேனை மறக்காமல்

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நம் ஹாலில் நடுவில் ஃபேன் சுற்றுகிறது. ஃபேனுக்குப் பக்கத்தில் சீலிங்கில் லைட் பதித்தால் றெக்கை அந்த வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், அறை முழுக்க நிழல் படபடக்கும், அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எல்லா வேலையும் முடிந்து ஃபேனைப் போட்ட அன்றுதான் இது தெரிந்தது. அத்தனை ஓட்டைகளையும் அடைத்து, வேறு இடத்தில் போட்டு, மறுபடி பெயின்ட் அடித்தார்கள்.

1200 மில்லிமீட்டர் ஃபேன் என்றால் நடுவிலிருந்து றெக்கை நுனி வரை 2 அடி. லைட்டின் வெளிச்சம் பக்கவாட்டிலும் விரியும் என்பதால் ஃபேன் நடுவிலிருந்து 4 அடியாவது தள்ளி வையுங்கள். நம் 12க்கு 16 ஹாலில் இது அழகாகப் பொருந்தும்: நீளச் சுவர் இரண்டிலிருந்தும் 2 அடி தள்ளி வரிசைக்கு மூன்று, ஒன்றுக்கொன்று 5 அடி இடைவெளி, மொத்தம் ஆறு டவுன்லைட் (சீலிங்கில் பதிக்கும் சின்ன லைட்). ஒவ்வொன்றும் 6 அல்லது 7 வாட், 600 லூமென் என்றால் 3600 வந்துவிட்டது. மீதி 900ஐ அப்பாவின் நாற்காலி பக்கத்தில் ஒரு நிற்கும் விளக்குக்கும், டிவிக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரிப்புக்கும் பிரித்துக் கொடுங்கள். டிவி பார்க்கும்போது பின்னால் மெல்லிய வெளிச்சம் இருந்தால் கண் கூசாது.

கோவ் லைட், அதாவது ஃபால்ஸ் சீலிங் விளிம்பில் ஒளித்து வைக்கும் ஸ்ட்ரிப் வேண்டும் என்றால், ஸ்ட்ரிப்புக்கும் மேல் கூரைக்கும் நடுவே ஆறு அங்குலமாவது விடச் சொல்லுங்கள். இடைவெளி குறைந்தால் வெளிச்சம் பரவாமல் ஒரு கோடாக நின்றுவிடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து ஓட்டினால் கடைசியில் மங்கும், நீளம் அதிகம் என்றால் இரண்டு பக்கமும் கரண்ட் கொடுங்கள் அல்லது 24 வோல்ட் வாங்குங்கள்.

படி 5: மற்ற அறைகள்

சமையலறையில் மேல் அலமாரிக்கு அடியில், முன் விளிம்பை ஒட்டி, அலுமினியப் ப்ரொஃபைலுக்குள் (ஸ்ட்ரிப்பை ஒட்டி வைக்கும் நீளமான காடி) ஸ்ட்ரிப் வையுங்கள். மூடி போட்ட ப்ரொஃபைல்தான் வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க முடியும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். அலமாரியே இல்லையா? மேடையில் நிற்கும்போது உங்களுக்கு எதிரே இருக்கும் சுவரில் ஒரு எல்இடி பேட்டன் (டியூப்லைட் மாதிரி நீளமான லைட்) போட்டாலே பிரச்சினை தீர்ந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே ஒற்றை லைட் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், இரு பக்கமும் முக உயரத்தில் வைப்பது நல்லது. படுக்கையறையில் தலைக்கு நேர் மேலே எதையும் பதிக்காதீர்கள், படுத்தால் கண்ணில்தான் அடிக்கும். பக்கச் சுவரில் ஒன்று, அலமாரிக்கு முன்னால் ஒன்று போதும்.

பூஜை அறையில் தயவுசெய்து நீல, பச்சை சீரியல் லைட்டை விட்டுவிட்டு 2700 கெல்வினில் ஒரே ஒரு சின்ன லைட் போட்டுப் பாருங்கள். குத்துவிளக்குச் சுடர் 2000 கெல்வினுக்கும் கீழே, நல்ல ஆரஞ்சு நிறம். பக்கத்தில் வெள்ளை லைட் எரிந்தால் ஏற்றிய விளக்கு ஏற்றாத மாதிரி இருக்கும்.

படி 6: சுவிட்சுகளைப் பிரித்துப் போடுங்கள்

ஆறு லைட்டையும் ஒரே சுவிட்சில் கொடுத்தால் இத்தனை யோசித்ததும் வீண். ஜன்னல் பக்க வரிசை ஒன்று, டிவி பக்க வரிசை ஒன்று, ஸ்ட்ரிப் தனி, நிற்கும் விளக்குக்கு ஒரு பிளக் பாயின்ட். படுக்கையறையில் வாசலிலும் கட்டில் பக்கத்திலும் அணைக்கிற மாதிரி டூ-வே சுவிட்ச் கேளுங்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

பழைய ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடியைக் கொடுத்து மங்கலாக்கப் பார்க்காதீர்கள், துடிக்கும், சீக்கிரம் போய்விடும். மங்கலாக்க வேண்டும் என்றால் டிம்மபிள் என்று எழுதிய லைட்டும் அதற்கேற்ற டிம்மரும் வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி லேசாக மினுங்கினால் பேய் இல்லை, சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் காரணமாக இருக்கலாம், அல்லது சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) கொடுக்காமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் வயர்) கொடுத்திருக்கலாம். இரண்டாவது ஆபத்து, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

வாடகை வீடு என்றால்

சுவரைத் தொடவே வேண்டாம். இருக்கிற டியூப்லைட்டை 4000 கெல்வின் பேட்டனாக மாற்றுங்கள், மூலையில் சுவரைப் பார்த்து ஒரு நிற்கும் விளக்கு, மேசைக்கு ஒரு விளக்கு. போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம், பழைய டியூப்லைட்டை மட்டும் பத்திரமாகப் பரணில் வைத்திருங்கள், ஓனர் கேட்பார்.

படி 7: மூடுவதற்கு முன்னால்

வயரிங் வேலையை நீங்களே செய்யாதீர்கள், திட்டம் உங்களுடையது, கை எலக்ட்ரீஷியனுடையது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் லைட்டுக்கு முன்னால் அதைப் போடுங்கள். எல்இடியில் பெரும்பாலும் முதலில் போவது டிரைவர்தான் (வீட்டுக் கரண்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி), அதனால் ஸ்ட்ரிப்பின் டிரைவரைக் கை எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வைக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் போர்டுக்குள் புதைத்துவிட்டால் 600 ரூபாய்ச் சாமானுக்காகக் கூரையை உடைக்க வேண்டி வரும்.

ஜிப்சம் போர்டு அடிப்பதற்கு முந்தின நாள் ராத்திரி, ஹோல்டர்களைத் தற்காலிகமாகத் தொங்கவிட்டு, எல்லா லைட்டையும் எரியவிட்டு, ஃபேனையும் போட்டு, வீட்டில் இருப்பவர்களை அவரவர் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். அப்பா பேப்பரைப் பிரிக்கட்டும், அம்மா மேடையில் நிற்கட்டும். மாற்ற வேண்டியதை அன்றைக்கே மாற்றிவிட்டு, வயர் போகும் பாதை முழுவதையும், பக்கத்தில் அளக்கும் டேப்பை நீட்டி வைத்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது படம் மாட்ட ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.