ஜூலியன் சொரேலின் வரவு செலவு: 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நாவலை வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும் முறை

முன்னேறத் துடிக்கும் இளைஞனின் கதை என்றால் நமக்கு உடனே அவன் குணத்தைப் பற்றிப் பேசத்தான் தோன்றும். பேராசைக்காரனா, நன்றி கெட்டவனா, பாவப்பட்டவனா என்று ஆரம்பித்துவிடுவோம். ஸ்தெந்தாலின் ‘சிவப்பும் கறுப்பும்’ (1830), பால்சாக்கின் ‘கோரியோக் கிழவர்’ (1834–35) இரண்டையும் அப்படிப் படித்தால் பாதிப் புத்தகம் கைநழுவிப் போகும். இந்த நாவல்களில் ஒருவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்பதை அவன் குணம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த ஆண்டில் அவனுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது, எது சாத்தப்பட்டிருந்தது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அதைப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்துக்கொண்டு போக ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கதையின் முடிவு இங்கே பேசப்படும். அது முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வந்து இரண்டாம் வாசிப்பில் இந்த முறையைக் கையாளலாம்.

முதலில் காலக்கோடு

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து இந்த ஆண்டுகளை எழுதுங்கள்: 1789 புரட்சி, 1793 இறுதியில் நெப்போலியன் 24 வயதில் பிரிகேடியர் ஜெனரல், 1804 பேரரசர், 1815 வாட்டர்லூ தோல்வி, பழைய அரச வம்சமான புர்போன் மன்னர் மறுபடி அரியணையில், 1821 செயின்ட் ஹெலீனா தீவில் நெப்போலியன் மரணம், 1824 பத்தாம் சார்ல் மன்னராகிறார், 1830 ஜூலையில் மூன்று நாள் புரட்சி, அவர் வெளியேறுகிறார்.

கோட்டுக்குக் கீழே பாத்திரங்களின் வயதைக் குறியுங்கள். ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலின் நாயகன் ஜூலியன் சொரேல் கதைக்குள் வரும்போது அவனுக்கு 18, 19 வயது. காலம் 1820களின் பிற்பகுதி. அப்படியானால் வாட்டர்லூவின்போது அவன் சிறுவன். 24 வயதில் ஜெனரலாகலாம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டிய காலம் அவன் வளர்வதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்த பழைய ராணுவ மருத்துவர் விட்டுப்போன சொத்து என்ன என்று பாருங்கள்: ஒரு லீஜியன் ஆஃப் ஹானர் பதக்கம், பாதிச் சம்பளத்தின் பாக்கி, முப்பது நாற்பது புத்தகங்கள். 1815க்குப் பிறகு நெப்போலியனின் அதிகாரிகள் பலர் பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது தெரிந்தால்தான் அந்த வரி வலிக்கும்.

கோட்டின் ஓரத்தில் இன்னொரு எண்ணையும் எழுதிவையுங்கள். 1814 பிரெஞ்சு அரசியல் சாசனப்படி வாக்களிக்க 30 வயது நிரம்பி, ஆண்டுக்கு 300 ஃபிராங்க் நேரடி வரி கட்டியிருக்க வேண்டும். வேட்பாளருக்கு 40 வயது, 1,000 ஃபிராங்க் வரி. சுமார் 3 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் வாக்காளர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான். நாவலின் கடைசியில் வரும் நீதிமன்றக் காட்சிக்கு இந்த 300 மறுபடி தேவைப்படும்.

நான்கு பத்தி

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழாக நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: பணம், உடை, பெயர், கையில் இருக்கும் புத்தகம். ‘சிவப்பும் கறுப்பும்’ இரண்டு பாகம். முதலில் 30 அத்தியாயம், அடுத்ததில் 45. ஓர் அமர்வுக்கு ஐந்து அத்தியாயம் என்று வைத்தால் 15 அமர்வில் முடியும். படிக்கும்போதே குறியுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டாம் பாகத்தின் வேகத்தில் எண்கள் எல்லாம் மறந்துபோகும்.

பணப் பத்தி

ஃபிராங்கை ரூபாய்க்கு மாற்றாதீர்கள். 200 ஆண்டு இடைவெளியில் அந்தக் கணக்கு எதையும் சொல்லாது. புத்தகத்துக்குள் இருக்கும் ஒரு தொகையை அதே புத்தகத்தின் இன்னொரு தொகையோடு ஒப்பிடுங்கள். அதற்குத் தேவையான வாய்ப்பாடு சின்னது: 1 ஃபிராங்க் 20 சூ, தங்க நாணயமான ‘நெப்போலியன்’ அல்லது ‘லூயி’ 20 ஃபிராங்க், லிவ்ர் என்று வந்தால் ஏறக்குறைய ஃபிராங்க்தான். ‘ஆயிரம் எக்யூ’ என்று கணக்குப் பேசினால் பெரும்பாலும் 3,000 ஃபிராங்க். ‘10,000 ரான்த்’ என்பது சொத்தின் மதிப்பு அல்ல, ஆண்டு வட்டி வருமானம். 5 சதவீதம் என்று வைத்து 20ஆல் பெருக்கினால் மூலதனம் 2 லட்சம் என்று தெரியும். வருமானத்தைச் சொத்து என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தப் பத்தியில் அடிக்கடி நடக்கும் பிழை; அதனால் கல்யாணப் பேரங்கள் தலைகீழாகப் புரியும்.

முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஜூலியனின் அப்பா மேயர் ரெனாலிடம் பேரம் பேசுகிறார். மேயர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல மாதம் 35 ஃபிராங்க் என்று முடியும்போது, ‘உங்களைப் போல தாராள மனசுக்காரர் 36ஆக ரவுண்டு பண்ணிவிட மாட்டாரா’ என்ற ரீதியில் கொஞ்சுகிறார் கிழவர். 36 ஆகிறது. ஆண்டுக்கு 432. அதே அத்தியாயத்தில் ஜூலியன் மனதில் ஓடும் கணக்கு வேறு: நாற்பது வயதுப் பாதிரியார்கள் 1 லட்சம் ஃபிராங்க் வாங்குகிறார்கள், இது நெப்போலியனின் படைத் தளபதிகள் வாங்கியதைப் போல மூன்று மடங்கு. 432க்கும் 1,00,000க்கும் நடுவில் 230 மடங்குக்கு மேல் இடைவெளி. பக்தி இல்லாத பையன் குருமடத்துக்குப் போவது ஏன் என்ற கேள்விக்குப் பதில் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

அவனை ‘ஏழைத் தச்சன் மகன்’ என்று எழுதுவது பாடக்குறிப்புகளில் நிறைந்து கிடக்கும் தவறு. அவன் அப்பாவுக்குச் சொந்தமாக மரம் அறுக்கும் பட்டறை இருக்கிறது. அதை இடம் மாற்றவே மேயரிடமிருந்து 6,000 ஃபிராங்க் கறந்தவர். ஜூலியனுக்கு இல்லாதது வீட்டில் மரியாதை. புத்தகம் படித்ததற்காக அடி வாங்குகிறவன் அவன்.

உடையும் பெயரும்

இரண்டாம் பாகத்தில் பாரிஸில் மார்க்கி (உயர் பிரபு) த லா மோலிடம் ஜூலியன் செயலாளர் ஆகிறான். நாள் முழுதும் கறுப்பு உடை. மார்க்கி உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போது அவனுக்கு ஒரு நீல கோட்டு பரிசளிக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு வந்தால் அவன் ஒரு பிரபுவின் இளைய மகன். அப்படியே நடத்துகிறார், சமமாகப் பேசுகிறார். மறுபடி கறுப்பில் வந்தால் சம்பளக்காரன். அறையும் அதே, ஆளும் அதே. இந்தக் காட்சியை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதுங்கள்: யார் முதலில் பேசுகிறார், என்ன தொனி, எந்தச் சொல் மாறுகிறது. அடையாளம் என்று நாம் பெரிதாகப் பேசுவது இங்கே ஒரு கோட்டுத் துணியில் இருக்கிறது.

பெயர் அதற்கடுத்த படி. சொரேல் கடைசியில் ‘த லா வெர்னே’ ஆகி குதிரைப்படை அதிகாரியாகிறான். அந்தச் சின்ன ‘த’ பிரபு வம்சத்தின் அடையாளம். ஸ்தெந்தால் என்பதே ஹான்ரி பெல் வைத்துக்கொண்ட புனைபெயர். பால்சாக்கின் பிறப்புப் பதிவில் ‘த’ கிடையாது, பிற்பாடு சேர்த்துக்கொண்டார். எழுதியவர்களுக்கே அந்த எழுத்தின் விலை தெரியும்.

‘கோரியோக் கிழவர்’ நாவலில் வரும் சட்ட மாணவன் ரஸ்தின்யாக்குக்கு நிலைமை எதிர்மாறு: பெயர் இருக்கிறது, பணம் இல்லை. வீட்டிலிருந்து வருவது ஆண்டுக்கு 1,200 ஃபிராங்க். மேல்மாடி அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 45 போனால் மிச்சம் 660. சீமாட்டி வீட்டுக்கு நடந்தே போய் சேறு தெறித்து, வழியில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, கால்சட்டையைத் துலக்க 30 சூ காசை உடைக்கிறான். வண்டி வைத்திருப்பவனுக்கு இந்தச் செலவே இல்லை. பிறகு வோத்ரன் என்ற குற்றவாளி அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறான்: சட்டம் படித்தால் முப்பது வயதில் 1,200 ஃபிராங்க் சம்பள நீதிபதி, தலைமை அரசு வழக்கறிஞர் பதவி நாட்டில் இருபது, அதற்குக் காத்திருப்பவர் இருபதாயிரம். அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதில் பெரிய ஓட்டை இல்லாததுதான் அந்தக் குற்றவாளியின் பேச்சை ஆபத்தானதாக்குகிறது.

புத்தகப் பத்தி

ஜூலியன் வெளியே காட்டும் புத்தகம் லத்தீனில் மனப்பாடம் செய்த புதிய ஏற்பாடு. மறைத்து வைத்திருப்பவை ரூசோவின் ‘ஒப்புதல்கள்’, நெப்போலியன் படையின் அறிக்கைகள், செயின்ட் ஹெலீனா நினைவுக் குறிப்புகள். மெத்தைக்குள் நெப்போலியன் படம் ஒன்றும் உண்டு. மேயர் மெத்தைகளைப் பிரித்து நிரப்பச் சொல்லும் நாளில் அவன் நடுங்கி, மேயர் மனைவியிடம் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துத் தரக் கெஞ்சுகிறான். அவளோ உள்ளே வேறொரு பெண்ணின் படம் என்று நினைத்து உடைந்துபோகிறாள். அரசியல் பயமும் காதல் பொறாமையும் ஒரே அட்டைப் பெட்டியில். காட்டும் புத்தகம், ஒளிக்கும் புத்தகம் என்று இந்தப் பத்தியை இரண்டாகவே பிரித்துவிடுங்கள்.

சறுக்கும் இடங்கள்

‘சிவப்பு ராணுவம், கறுப்பு திருச்சபை’ என்று தலைப்புக்குப் பொருள் எழுதி மூடிவிடாதீர்கள். நாவலில் அப்படி ஒரு விளக்கம் கிடையாது. நிறத்தைக் காட்சிகளில் தேடுங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஜூலியன் கோயிலுக்குள் போகிறான். சிவப்புத் திரைகள் வழியாக வரும் வெளிச்சத்தில் தரையில் சிந்திய தீர்த்தம் ரத்தம் போலத் தெரிகிறது. மேயர் குடும்பத்து இருக்கையில் ஒரு துண்டுக் காகிதம்: லூயி ழான்ரெல் என்பவனுக்கு மரணதண்டனை நிறைவேறிய செய்தி. அந்தப் பெயரின் பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ஜூலியன் சொரேல். அதே கோயிலில்தான் அவன் கடைசியில் மேயர் மனைவியைச் சுடுகிறான்.

அத்தியாயத் தலைப்பில் உள்ள மேற்கோள்களை ஆதாரமாக எடுக்காதீர்கள். அவற்றில் பலவற்றை ஸ்தெந்தாலே எழுதிப் பிறர் பேரில் போட்டிருக்கிறார்.

உண்மை வழக்கோடு நாவலை ஒன்றாக்கவும் கூடாது. கருமான் மகன் அந்துவான் பெர்த்தே, தான் பாடம் சொன்ன வீட்டுச் சீமாட்டியை 1827 ஜூலையில் கோயிலில் சுட்டான். டிசம்பரில் கிரெனோபிளில் விசாரணை, 1828 பிப்ரவரியில் மரணதண்டனை நிறைவேறியது. கதையின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது. பாரிஸ் மாளிகையும் அரசியல் சதிக் கடிதமும் வழக்கில் இல்லை. எனவே இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆசிரியர் சேர்த்ததை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

பெண்களுக்கும் அதே நான்கு பத்தியைப் போடுங்கள்; இதைத் தவறவிடுபவர்களே அதிகம். 1804 சட்டத் தொகுப்பு மனைவியைக் கணவன் அனுமதிக்குக் கீழே வைத்தது, 1816இல் விவாகரத்து ஒழிக்கப்பட்டது. கோரியோவின் மகள் டெல்ஃபின் கொண்டுவந்த வரதட்சணை கணவன் நுசிங்கன் கையில். அவளுக்குச் சாத்திய கதவுகள் ஜூலியனுக்குச் சாத்தியவற்றைவிட அதிகம்.

கட்டுரை எழுதும்போது

ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு எண், அந்த ஆண்டின் ஒரு சட்டம் அல்லது நிகழ்வு. மூன்றையும் கோத்து 600 சொல்லுக்குள் எழுதுங்கள். பழக ஏற்றது ஜூலியனின் நீதிமன்றப் பேச்சு. முன்னேறிய ஒரு விவசாயிகூட ஜூரிகளில் இல்லை, கோபம் கொண்ட நடுத்தர முதலாளிகள்தான் இருக்கிறார்கள் என்கிறான். காலக்கோட்டின் ஓரத்தில் எழுதிய 300 ஃபிராங்கை இப்போது எடுங்கள். அந்த வரியைக் கட்டும் வர்க்கம்தான் அன்று பெரும்பாலும் ஜூரி இருக்கையிலும் உட்கார்ந்தது. கட்டுரையை இந்த இடத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கி 36 ஃபிராங்க் பேரம் வரை எழுதிப் பாருங்கள்.