யுகேஜி முடியும்போது குடும்பத்தின் கையில் எதைக் கொடுத்தனுப்புவது?

மார்ச் மாத இறுதியில் யுகேஜி வகுப்பு வாசலில் நிற்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "லீவில் என்ன எழுத வைக்கலாம், மிஸ்?" நானும் பல ஆண்டுகள் அந்தக் கேள்விக்கு, உயிரெழுத்துகள் பத்து முறை, 1 முதல் 100 வரை ஐந்து முறை என்று ஒரு சீட்டை நோட்டில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஜூனில் திரும்பி வந்த நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் பல தாயின் கையெழுத்தில் இருந்தன. குழந்தையோ பென்சிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கோடையில் பேச்சும் கதையும் கைவேலையும் வேண்டும். அவை எளிய வீடுகளிலும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதைக் குடும்பத்துக்கு எடுத்துக்காட்டி வழியனுப்புவதே மழலையர் வகுப்பு ஆசிரியரின் ஆண்டிறுதி வேலை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

பள்ளி முடிவதற்கு மூன்று வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களைப் பகலில் வரச் சொன்னால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதால், அவர்களிடம் மாலையில் தொலைபேசியில் பேசுவதே நியாயம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ தாத்தாவோ என்றால் அவர்களையும் அழைத்துப் பேச வேண்டும், ஏனெனில் கோடை முழுவதும் குழந்தை அவர்கள் கையில்தான் இருக்கப் போகிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் மதிப்பெண்ணையோ, மற்றக் குழந்தைகளோடு ஒப்பீட்டையோ பேச வேண்டாம். "கேட்ட கதையை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்கிறான்; 20 வரை பொருள்களைத் தொட்டு எண்ணுகிறான்; சொல்லின் முதல் ஒலியைப் பிரித்துச் சொல்கிறான்; ந, ன, ண எழுத்துகளில் இன்னும் குழம்புகிறான்" என்று, செய்ய முடிகிற மூன்றையும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்றையும் கண்ணால் கண்டபடி சொல்லுங்கள். ந, ன இரண்டும் நம் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அந்தக் குழப்பத்துக்காக எந்தக் குழந்தையையும் 'வீக்' என்று சொல்லக் கூடாது. ஆனால் குழந்தையின் பேச்சு வெளியாருக்கு இன்னும் புரியவில்லை என்றாலோ, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பவில்லை என்றாலோ, புத்தகத்தை முகத்தருகே வைத்துப் பார்க்கிறது என்றாலோ அதைத் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுவது நம் கடமை. கண்ணும் காதும் பரிசோதிக்க விடுமுறை நல்ல வாய்ப்பு. குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது.

இதே சந்திப்பில் மூன்று அலுவல் செய்திகளையும் சொல்லிவிடலாம். ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை பதிவாகியிருக்காது. ஐந்து நிறைந்ததும் அதைப் பதிந்து புதுப்பிக்க வேண்டும், 5 முதல் 7 வயதுக்குள் செய்தால் அது இலவசம். அடுத்து, 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) தடுப்பூசியின் இரண்டாம் ஊக்கத் தவணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது செய்திதான் பெற்றோரின் அச்சத்தைத் தணிப்பது: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. 1ஆம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்காகக் கோடையில் டியூஷன் வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அரசுப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு வாசிப்பையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து கற்பிக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் உண்டு. குழந்தை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே அதன் பாடம் தொடங்கும்.

இனி, வீட்டில் என்ன செய்வது என்பதற்கு வருவோம். குடும்பத்துக்கு ஒரே ஒரு அட்டை கொடுங்கள். அதற்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. படிக்கத் தெரியாத வீட்டுக்கு அதையே குரல் செய்தியாக அனுப்பலாம்.

அட்டையின் முதல் வரி கதையைப் பற்றியதாக இருக்கட்டும். இரவு படுக்கும்போது ஒரு கதை சொல்வதும், மறுநாள் குழந்தையிடம் அதைத் திருப்பிக் கேட்பதும் தினமும் நடந்தால் போதும். பாட்டி தன் ஊரின் வெள்ளத்தையோ, வளர்த்த ஆட்டுக்குட்டியையோ பற்றிச் சொன்னாலும் அது கதைதான். ஆங்கில வழியில் படிக்கும் குழந்தையிடமும் வீட்டில் தமிழிலேயே தாராளமாகப் பேசச் சொல்லுங்கள். தாய்மொழியில் காரணம் சொல்லவும் கேள்வி கேட்கவும் பழகிய குழந்தைக்கு இன்னொரு மொழியில் அதைச் செய்வது எளிது. அச்சிட்ட புத்தகம் இல்லாத வீட்டுக்குக் கிளை நூலகத்தைக் காட்டிவிடுங்கள். கைப்பேசி இருந்தால் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றில் முதல் நிலைக் கதைகள் போதும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் கைப்பேசியைக் குழந்தையிடம் தனியே கொடுத்தால் அது கதையில் நிற்காது.

எழுத்துக்கு முன் ஒலி. சந்தைக்குப் போகும் வழியில் "கத், த, ரிக், காய்" என்று கைதட்டிச் சொல்லலாம். மரம், மாடு, மீன் ஆகியவற்றின் முதல் ஒலி ஒன்றா என்று கேட்கலாம். எழுத்து என்று வரும்போது 247ஐயும் ஒரே கோடையில் முடிக்கும் எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். ட, ப, ம என்ற மூன்றும் எழுத எளியவை. புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று குழந்தை அன்றைக்கே முழுச் சொற்களைப் படித்துவிடும். தானாக ஒரு சொல்லைப் படித்த குழந்தையின் முகத்தை அந்தத் தாய் ஒருமுறை பார்த்துவிட்டால், பத்து முறை எழுத வைக்கும் யோசனையை அவரே கைவிட்டுவிடுவார்.

எண்ணுக்குப் பல்லாங்குழியைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. 14 குழிகளிலும் ஐந்தைந்து புளியங்கொட்டைகளை நிரப்பும்போதே குழந்தை எண்ணவும், சமமாகப் பங்கிடவும், எந்தக் குழியில் அதிகம் என்று ஒப்பிடவும் பழகிவிடுகிறது. எண்களைத் தமிழிலும் சொல்லித் தர வேண்டும். தர்ட்டீன், தர்ட்டி இரண்டையும் குழப்பும் குழந்தைக்குப் பதின்மூன்று என்ற சொல்லே பத்தும் மூன்றும் என்று காட்டிக்கொடுக்கிறது.

கைவிரல்களுக்கு வலு வந்தால் பென்சில் பிடிப்பு தானே சரியாகும். முருங்கைக்கீரை உருவுதல், பட்டாணி உரித்தல், சப்பாத்தி மாவு உருட்டுதல், வாசலில் புள்ளி வைத்து இணைத்தல் என்று சமையலறையிலும் வாசலிலும் இதற்கான வேலை நிறைய இருக்கிறது. மாவு சிந்தும், கீரையில் காம்பு சேரும். அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் காலை 11 முதல் மாலை 4 வரை வீட்டுக்குள் செய்யக்கூடியவையும் இவைதான். ஓடியாடும் விளையாட்டைக் காலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மே மாத நடுவில் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் குரல் செய்தி அனுப்புங்கள். "கீரை உருவினாயா? பாட்டி என்ன கதை சொன்னார்கள்?" என்று குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும், குடும்பமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு தூங்கும் நேரத்தைப் பழையபடி மாற்றவும், சாப்பாட்டு டப்பாவைத் தானே திறந்து மூடவும், கழிவறைக்குத் தனியே சென்று கைகழுவி வரவும் பழக்கச் சொல்லுங்கள். 1ஆம் வகுப்பில் ஆயாம்மா பக்கத்தில் இருக்க மாட்டார். சந்திப்பில் நீங்கள் சொன்ன, குழந்தை செய்ய முடிகிற மூன்றையும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்றையும் ஒரு தாளில் எழுதி, குழந்தை கோடையில் வரைந்த ஒரு படத்தோடு, ஜூன் முதல் வாரத்திலேயே 1ஆம் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் கொடுத்துவிடுங்கள். வேறு பள்ளிக்குச் செல்லும் குழந்தையென்றால் அந்தத் தாளை மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துப் பெற்றோரிடமே கொடுத்தனுப்புங்கள்.