ஒளு, குளிப்பு, நஜீஸ்: எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்காதீங்க

வாட்ஸப்புல அப்பப்ப ஒரு ஃபார்வர்டு சுத்தும் பாருங்க, ஒளு (தொழுகைக்கு முன்னாடி மூஞ்சி கை கால் கழுவுறது) செஞ்சா மூக்குல இருக்குற கிருமி போவுது, காதை தடவுனா நரம்புக்கு நல்லது, கால் கழுவுனா ரத்த ஓட்டம் சீராவுது, அதனாலதான் அல்லாஹ் அஞ்சு வேளையும் கழுவ சொன்னான்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சுத்தம் சம்பந்தமா நம்மாளுங்க பண்ற தப்புல பாதி இங்கேர்ந்துதான் கெளம்புது. கிருமிக்காகத்தான் ஒளுன்னா, தண்ணி கெடைக்காதப்ப மண்ணுல கைய அடிச்சு மூஞ்சிலயும் கையிலயும் தடவிக்க சொன்னது, அதான் தயம்மும், அது எதுக்கு? காத்து பிரிஞ்சா மூஞ்சி கை கால் கழுவுறோம், காத்து பிரிஞ்ச எடத்தை கழுவ சொல்லலையே. நபித்தோழர் அலி (ரலி) சொன்னது அபூதாவூது ஹதீஸ் தொகுப்புல இருக்கு, மார்க்கம் வெறும் நம்ம புத்திக்கு பட்டபடின்னா ஒளுவுல கால் கழுவுறதுக்கு பதிலா தடவுற தோல் காலுறையோட மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்தை தடவுறதுதான் சரியா இருந்திருக்கும், ஆனா நபி (ஸல்) மேல்பக்கம் தடவுனதைத்தான் நான் பாத்தேன்னு. தொழ நிக்கிறதுக்கு முன்னாடி இப்படி தயாராகுன்னு ஒரு கட்டளை, அதுக்கு கீழ்ப்படியுறதுதான் ஒளு. ஒடம்பு சுத்தமாவுறது கூடவே கெடைக்கிற லாபம். ஒளுவை பத்தி பேசுற குர்ஆனோட மாயிதா சூராவோட 6-வது வசனமே, உங்களுக்கு கஷ்டம் குடுக்க அல்லாஹ் விரும்பல, உங்களை தூய்மையாக்கத்தான் விரும்புறான்னு காரணத்தை சொல்லித்தான் முடியுது.

சரி, இப்ப முக்கியமான கொழப்பத்துக்கு வருவோம். அழுக்கு வேற, நஜீஸ் வேற, தொடக்கு வேற. வேர்வை, கிரீஸ், சேறு, மீன் கவுச்சி இதெல்லாம் அழுக்கு, தொழுகைக்கு தடை கெடையாது. மூத்திரம், மலம், ஓடுற ரத்தம் மாதிரி மார்க்கம் அசுத்தம்னு சொல்ற பொருளுங்க நஜீஸ், பட்ட எடத்தை மட்டும் கழுவணும், மேல பட்டதுக்காக ஒளு முறியாது. தொடக்கு அப்படி கண்ணுக்கு தெரியுற பொருளே இல்ல, அது ஒரு நெலம. காத்து பிரியுறது மாதிரி சிறுதொடக்குக்கு ஒளு, தாம்பத்தியம் மாதிரி பெருந்தொடக்குக்கு ஒடம்பு முழுக்க குளிப்பு, அவ்ளோதான்.

இந்த மூணும் பிரியாததால என்ன ஆவுதுன்னா, கடலூர் ஓ.டி. (பழைய ஊர்) துறைமுகத்துல மீன் எறக்குற ஆளு அசர் பாங்கு கேட்டும் "ஒடம்பெல்லாம் கவுச்சி பாய், நஜீஸா இருக்கேன்"னு பள்ளிக்கு வராம போயிடுறாரு. மீன் செத்தாலும் சுத்தம்தான். கடல்ல போறோம், குடிதண்ணி கொஞ்சம்தான் எடுத்துட்டு போறோம், கடல் தண்ணியில ஒளு செய்யலாமான்னு ஒருத்தர் கேட்டப்ப நபி (ஸல்) சொன்ன பதில் தெரியுமா, அதோட தண்ணி சுத்தம் செய்யக்கூடியது, அதுல செத்தது ஹலால்னு. பரங்கிப்பேட்டை மாதிரி கப்பல் ஓட்டுன ஊருக்காரங்களுக்குன்னே கேட்ட கேள்வி மாதிரி இருக்கும். (மீன் அறுக்குறப்ப தெறிக்குற ரத்தத்துல மட்டும் மத்ஹபுக்குள்ள (ஹனஃபி, ஷாஃபி மாதிரி மார்க்க சட்ட வழிங்க) பேச்சு இருக்கு, லுங்கில பட்டா அந்த எடத்தை அலசிட்டா சண்டையே இல்ல.) ஆனா வாடை விஷயம் தனி. பச்சை வெங்காயம் பூண்டு தின்னுட்டு பள்ளிக்கு வராதீங்கன்னு ஹதீஸ் இருக்கே, அது நஜீஸுக்காக இல்ல, பக்கத்துல நிக்குறவருக்காக. அதே கணக்குல சோப்பு போட்டு கழுவிட்டு வாங்க, வராம இருந்துடாதீங்க. இதுக்கு நேர் எதிரா அயர்ன் பண்ணுன வெள்ளை சட்டையும் அத்தருமா வர்றவரு, நின்னுகிட்டே மூத்திரம் போயி கால்ல தெறிச்சதை கண்டுக்காம வந்து முதல் சஃப்புல (வரிசையில) நிப்பாரு. ரெண்டு கப்ருல (சமாதியில) வேதனை நடக்குது, அதுல ஒருத்தர் மூத்திரத்துலேர்ந்து தன்னை காப்பாத்திக்காதவருன்னு புகாரி ஹதீஸ் தொகுப்புல வர்றது இவருக்குத்தான்.

தொடக்கு வந்தா ஆளே அசுத்தமாயிட்டதா நெனைக்கிறது இன்னொரு பெரிய தப்பு. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) குளிப்பு கடமையா இருந்தப்ப மதீனா தெருவுல நபி (ஸல்) எதிர்ல வந்துட்டாங்க, இவரு நைசா நழுவி போயி குளிச்சிட்டு வர்றாரு. எங்க போனேன்னு கேட்டா விஷயத்தை சொல்றாரு. "சுப்ஹானல்லாஹ், முஃமின் (ஈமான் கொண்டவன்) அசுத்தமாவ மாட்டான்"னுதான் பதில் வந்துச்சு. இது நம்ம வீட்டு பொம்பளைங்க விஷயத்துல எவ்ளோ பெரிய வாக்கியம்னு யோசிச்சு பாருங்க. ஹைளு (மாதவிடாய்) நாள்ல தனி தட்டு, தனி பாய், அடுப்படி பக்கம் வராதே, ஊறுகாய் பானையை தொடாதேன்னு இன்னமும் சில வீட்ல நடக்குது, கேட்டா மார்க்கம்னு சொல்றாங்க. எந்த மார்க்கம்? நபியோட மனைவி ஆயிஷா (ரலி) ஹைளோட இருந்தப்ப குடிச்ச பாத்திரத்துல அவங்க வாய் வச்ச அதே எடத்துல நபி (ஸல்) வாய் வச்சு குடிச்சிருக்காங்க, அவங்க மடியில சாஞ்சுகிட்டு குர்ஆன் ஓதியிருக்காங்க, அவங்கதான் நபிக்கு தல சீவியும் விட்டிருக்காங்க. விரிப்பை எடுத்து குடுன்னப்ப நான் ஹைளா இருக்கேனேன்னு ஆயிஷா தயங்க, உன் ஹைளு உன் கையில இல்லையேன்னாங்க. தொழுகை, நோன்பு, தாம்பத்தியம்னு குறிப்பிட்ட சிலது மட்டும்தான் அந்த நாள்ல கெடையாது. விட்ட நோன்பை பிறகு புடிக்கணும், விட்ட தொழுகையை களா செய்ய (பிறகு தொழுது ஈடு கட்ட) வேணாம். ஒரு நாளைக்கு அஞ்சு வேளைன்னு மாசாமாசம் சேத்தா எவ்ளோ ஆவும், அந்த பாரத்தை ஏத்த வேணாம்னுதான்னு ஆலிம்கள் காரணம் சொல்லுவாங்க.

அப்புறம் இந்த நாப்பதாம் நாள் குளிப்பு. கொழந்தை பொறந்தா நாப்பது நாள் கழிச்சுத்தான் தல முழுகணும், அதுவரைக்கும் தொழுகை இல்லன்னு பெரியவங்க முடிவா சொல்லிடுவாங்க. நாப்பதுங்கறது ஹனஃபி மத்ஹபுல உச்ச வரம்பு, ஷாஃபில உச்ச வரம்பு 60. ரெண்டுலயுமே கொறைஞ்ச பட்சம்னு ஒரு நாள் கணக்கு கெடையாது. ரத்தம் இருவதாவது நாளே சுத்தமா நின்னுடுச்சுன்னா அன்னிக்கே குளிச்சிட்டு தொழுவ வேண்டியதுதான், மிச்ச இருவது நாள் சும்மா இருந்தா அது தொழுகையை விட்டதாத்தான் சேரும். ஹைளுலயும் இதே தப்பு, அஞ்சாவது நாள் நின்னாலும் ஏழாவது நாள்தான் குளிக்கணும்னு காத்திருக்குறது. மாமியாருகிட்ட சொல்ல சங்கடமா இருந்தா ஹஜ்ரத்தை விட்டு ஒரு ஜும்ஆ பயான்ல பேச சொல்லுங்க, தப்பே இல்ல.

அடுத்து, ஒளுவுல தண்ணி சேராம விட்டு போற எடம். ஒரு பயணத்துல அவசரமா கால் கழுவுனவங்க குதிகால் காஞ்சு கெடந்ததை பாத்துட்டு, நரகத்தோட கேடு குதிகால்களுக்குன்னு நபி (ஸல்) சத்தமா சொன்னாங்க. நம்ம ஊர்ல இது போட்டுக்கு ஃபைபர் அடிக்கிறவங்களுக்கு ரெசின், பெயிண்டர்களுக்கு பெயிண்டு, மீன் கழுவுறவங்களுக்கு காஞ்சு ஒட்டுன செதிலு, பொண்ணுங்களுக்கு நெயில் பாலிஷ். தோலுக்கும் தண்ணிக்கும் நடுவுல படலமா நிக்குறது எதுவும் ஆவாது, சுரண்டி எடுக்கணும். மருதாணி செவப்பு, மஞ்சள் மாதிரி வெறும் நெறம் தங்குனா பரவால்ல. டைட்டான மோதிரத்தை கொஞ்சம் அசைச்சு விடுங்க.

இதை படிச்சிட்டு சில பேரு நேரெதிரா போயிடுவாங்க, அதான் வஸ்வாஸ், ஓயாத சந்தேகம். பைப்பை முழுசா தொறந்து விட்டுட்டு பத்து நிமிஷம் கழுவுறது, தொழுதுட்டு இருக்கும்போதே காத்து போச்சோன்னு சந்தேகம் வந்து திரும்ப ஓடுறது. சத்தம் கேக்குற வரைக்கும் இல்ல வாடை வர்ற வரைக்கும் தொழுகையை விட்டு வெலகாதீங்கன்னு தெளிவா ஹதீஸ் இருக்கு, உறுதியா இருக்குறதை சந்தேகத்தால ஒடைக்க முடியாதுங்கறதுதான் சட்டம். நபி (ஸல்) ஒளு செஞ்ச தண்ணி ஒரு முத்து (அரபு நாட்டு பழைய அளவை), ஷாஃபி கணக்குல முக்கால் லிட்டர் கூட வராது. குளிச்சது நாலஞ்சு முத்துல, சொல்லப்போனா சுமார் மூணு லிட்டர். நாம பல் தேய்க்கவே அதை விட அதிகம் ஊத்துறோம். மூணு தடவைக்கு மேல கழுவுனா பேணுதல்னு நெனப்பு, அது வரம்பு மீறுறதுன்னு அபூதாவூதுல வருது.

மழைக்காலத்துல வர்ற கேள்வி ஒண்ணு. 2011 தானே புயலு, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல்னு நம்ம கடலூர் புதுச்சேரி பக்கம் தெருவெல்லாம் தண்ணி நிக்குறப்ப, சேறு பட்ட கைலியோட தொழலாமான்னு. தவிர்க்கவே முடியாத தெரு சேறு கொஞ்சமா பட்டா மன்னிக்கப்பட்டதுன்னு ஃபிக்ஹு (மார்க்க சட்ட) கிதாபுங்கள்ல தனியாவே எழுதி வச்சிருக்காங்க. மண்ணு கலந்து கலங்குன தண்ணியும் சுத்தமான தண்ணிதான். ஆனா சாக்கடை கலந்து நெறமோ ருசியோ வாடையோ மாறிடுச்சுன்னா எவ்ளோ தண்ணியா இருந்தாலும் நஜீஸ். மாடி டேங்குல எலி விழுந்து செத்துடுச்சுன்னா? ஷாஃபில ரெண்டு குல்லா, அதாவது சுமார் 200 லிட்டர் இருந்து அந்த மூணும் மாறலன்னா தண்ணி சுத்தம்தான், ஹனஃபில பத்துக்கு பத்து முழம் பரப்பு இல்லாத டேங்கு கெட்டுடும். ரெண்டு மத்ஹபுலயும் அந்த தண்ணியை குடிங்கன்னு யாரும் சொல்லல, எறக்கிட்டு ப்ளீச்சிங் போட்டு கழுவுங்க. சட்டப்படி சுத்தம்ங்கறதை டாக்டரோட சுத்தம்னு எடுத்துக்குறதும் இந்த பதிவு முழுக்க சொல்ற அதே கொழப்பம்தான்.

நோயாளிங்க விஷயம் ரொம்ப முக்கியம். ஜிப்மர்ல ஆபரேஷன் முடிஞ்சு தையலோட படுத்திருக்குற வாப்பாவை, தண்ணி பட்டாலும் பரவால்லன்னு ஒளு செய்ய வைக்கிற புள்ளைங்க இருக்காங்க. நபி காலத்துல தலையில காயம் பட்ட ஒருத்தருக்கு குளிப்பு கடமையாச்சு, கூட இருந்தவங்க தயம்மும் கூடாது குளிச்சே ஆவணும்னுட்டாங்க, குளிச்சாரு, இறந்துட்டாரு. நபிக்கு விஷயம் போனப்ப வந்த கோவத்தை அபூதாவூதுல படிங்க, அவரை கொன்னுட்டாங்களே, தெரியலன்னா கேட்டிருக்க கூடாதா, அறியாமைக்கு மருந்து கேக்குறதுதானேன்னு. சலுகையை எடுக்குறது பலவீனமான ஈமான்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட இருக்கு, அதுக்கு இந்த ஒரு சம்பவமே பதில். வீட்லேர்ந்து ஒரு டப்பாவுல சுத்தமான காஞ்ச மண்ணு எடுத்துட்டு போங்க, ஷாஃபிக்கு தூசியுள்ள மண்ணு வேணும், ஆஸ்பத்திரி டைல்ஸ் சுவத்துல தேடி அலைய வேணாம். கட்டு போட்ட எடத்துக்கு தனி சட்டம் இருக்கு, அதை மட்டும் ஆலிம்கிட்ட ஒரு ஃபோன் போட்டு கேட்டுக்கங்க.

மத்ஹபு சண்டையை பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ரத்தம் ஓடுனா ஹனஃபிக்கு ஒளு முறியும், ஷாஃபிக்கு முறியாது. பொண்டாட்டி மேல கை பட்டா ஷாஃபிக்கு முறியும், ஹனஃபிக்கு முறியாது. ஷாஃபி வீட்டு பொண்ணு ஹனஃபி மாப்பிள்ளைக்கு வாக்கப்பட்டு போனா இதுலயே முதல் மனத்தாங்கல் வரும். ரெண்டு பேரும் அவங்கவங்க ஓதுனபடி செய்யட்டும், கை பட்டுடுச்சேன்னு கோவிச்சுக்காம அந்த பொண்ணு போயி இன்னொரு ஒளு செஞ்சுட்டு வரட்டும்.

கடைசியா ஒண்ணு, இது யாரும் லிஸ்ட்ல சேக்காத தப்பு. ஜனங்க நடக்குற பாதையிலயும் ஒதுங்குற நெழல்லயும் அசிங்கம் பண்றது சாபத்தை வாங்கி தர்ற வேலைன்னு முஸ்லிம் ஹதீஸ் கிதாபுல இருக்கு, தேங்கி நிக்குற தண்ணியில மூத்திரம் போவாதீங்கன்னும் இருக்கு. வெளிய கழுவிகிட்டே உள்ள கெட்டு போனவங்களை கஸ்ஸாலி இமாம் கடுமையா திட்டியிருப்பாங்க. அவ்ளோ ஆழத்துக்கு போவலன்னாலும் பரவால்ல, பள்ளி காம்பவுண்டு சுவத்துக்கு பின்னாடி மூத்திரம் போயிட்டு உள்ள வந்து கை கால் தேய்ச்சு தேய்ச்சு கழுவாதீங்க, ஹவுள்ல (பள்ளியில ஒளு செய்யுற தண்ணி தொட்டியில) வாய் கொப்புளிச்சு அதுக்குள்ளயே துப்பாதீங்க. கீழ வாய்க்கால் ஓடுது, அதுல துப்புங்க.